கணக்குக் காட்டுகிறேன்

எங்கள் ஊர் உத்திரமேரூர். தெரியாதவர்களுக்கு: செங்கல்பட்டில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். தெரிந்தவர்கள் உடனே, "ஓ, குடவோலை ஊரா?" என்பார்கள். ஸ்கூல் சரித்திரப் பாடத்தில் ரெண்டு மார்க் கேள்வியாக வந்த ஊர்.

பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், ஊர் சபைக்கு ஆள் எடுக்கும் விதிகளை வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். கால் வேலி நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயசு 35-க்கு மேல், 70-க்குள். இதெல்லாம் சரி. ஒரு விதிதான் பயங்கரம். பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவன் மட்டுமில்லை, சார். அவன் அத்தை பிள்ளை, சித்தி பிள்ளை, மாமா, மாமனார், மச்சினன், ஒருத்தரும் நிற்க முடியாது.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவன் எங்கே போய்விட்டு வந்தாலும் கணக்கை ஒப்படைத்துவிடுவது நல்லது. என் மச்சினனுக்கு வார்டு கவுன்சிலர் ஆசை வேறு இருக்கிறது.

சமீபத்தில் எட்டு நாள் இலங்கை போய்விட்டு வந்தேன். கணக்கு கீழ்வருமாறு.

*

வீட்டில் சொன்னதும் முதல் கேள்வி: "அங்க எதுக்கு? ராமரே வேற வழியில்லாமதான் போனாரு."

ஆபீஸில் லீவு லெட்டரைப் பார்த்த சூப்பிரண்டு, "பீச்சா, புத்தரா?" என்றார். "ரெண்டும் சார்" என்றேன். "பீச்சுக்கு மகாபலிபுரம் போதுமே. புத்தர் நமக்கெதுக்கு? அது அவங்க சாமி" என்று கையெழுத்துப் போட்டார்.

அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. எனக்கும் அப்படித்தான் எண்ணம்.

எங்கள் ஊர்ப் பக்கம் பெயிண்டர் ஒருவர் இருக்கிறார். முன்பு போர்டு எழுதிக்கொண்டிருந்தார். ஃப்ளெக்ஸ் வந்து போர்டைத் தின்ற பிறகு வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறார். திருகோணமலைக்காரர். 1990-ல் ஆறு வயசுப் பிள்ளையாக மன்னார் வந்து, படகேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, அன்றிலிருந்து முகாம். நம்மிடம் பேசும்போது சுத்தமான செங்கல்பட்டுத் தமிழ். அம்மா போன் செய்தால் மட்டும் "ஓம்... ஓமம்மா..." என்று குரலே மாறிவிடும். 2021-ல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று அரசாங்கம் மாற்றியது. "எங்க முகாம் வாசல்ல புது போர்டை எழுதினதே நான்தாண்ணா. உள்ள வீடு அதே வீடுதான். வெளிய எழுத்து மட்டும் ஜம்முன்னு இருக்கும்" என்பார்.

நான் இலங்கை போகிறேன் என்றதும் கொஞ்ச நேரம் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

"ஏதாவது வாங்கிட்டு வரட்டுமா?"

"ஒண்ணும் வேணாண்ணா. அங்க திருகோணமலை பஸ்ஸு ஓடுமில்ல, அதோட போர்டை ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க. தமிழ்ல தப்பில்லாம எழுதியிருக்கானான்னு பாக்கணும்."

வேறொன்றும் கேட்கவில்லை. கிளம்பும்போது மட்டும், "புத்தர் சிலை பக்கம் பாத்து இருங்கண்ணா. எங்க அம்மாவுக்கு அதைப் பாத்தாலே இன்னமும் கை நடுங்கும். சிலை வந்தா பின்னாலயே பட்டாளம் வரும்னு சொல்லும்" என்றார்.

*

உத்திரமேரூரிலிருந்து மீனம்பாக்கம் போய்ச் சேர மூன்று மணி நேரம். அங்கிருந்து கொழும்பு ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. வெளிநாடு எது, உள்நாடு எது என்றே குழம்பிவிட்டது.

நான் இறங்கியது பௌர்ணமி அன்று. அங்கே அதற்குப் போயா தினம் என்று பெயர். ஆபீஸ் நண்பர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவும்: மாதாமாதம் பௌர்ணமிக்கு அரசாங்க லீவு! வருஷத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு. ரொம்பவும் சந்தோஷப்பட வேண்டாம். அன்றைக்கு ஒயின்ஷாப்பும் லீவு. ஜனங்கள் வெள்ளை உடுத்தி, கையில் பூவோடு விகாரைக்குப் போகிறார்கள். லீவு விட்டதும் சிங்கப்பெருமாள் கோயில் வரை டிராஃபிக் ஜாம் பண்ணும் நமக்கு இது புது அனுபவம்.

மொழி பயம் இருந்தது. ஆட்டோ டிரைவர் இன்னொரு டிரைவரை "மச்சாங்" என்றார். திரும்பிப் பார்த்தேன். இருவரும் சிங்களவர்கள். அம்மா அங்கேயும் அம்மா. அக்கா அங்கேயும் அக்கா. கடை, 'கடே'. ஆப்பம், 'ஆப்ப'. சண்டை போட்டுக்கொண்ட பங்காளி வீட்டில் நம் வீட்டுப் பாத்திரத்தைப் பார்த்த மாதிரி இருந்தது.

கொழும்பு மியூசியத்தில் ஒரு கல். அவசியம் பாருங்கள். 1409-ஆம் வருஷத் தேதி போட்டது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்து காலியில் நட்டது. அங்கே தெருவோர மதகுக்கு மூடியாகக் கிடந்ததை 1911-ல் கண்டெடுத்தார்கள். ஒரே கல்லில் மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்கு வணக்கம். தமிழில் தேனாவரை நாயினார் என்ற விஷ்ணுவுக்கு வணக்கம். பாரசீகத்தில் அல்லாவுக்கு வணக்கம். மூன்று பேருக்கும் தங்கம், வெள்ளி, பட்டு என்று ஏறக்குறைய ஒரே காணிக்கை லிஸ்ட். யார் மனசும் கோணக் கூடாதாம். இவ்வளவு பெரிய கும்பிடு போட்ட மனுஷர்தான் 1411-ல் உள்ளூர் ஆட்சியாளர் ஒருவரையே பிடித்துக்கொண்டு சீனாவுக்குப் போனார். கும்பிடு பெரிதாக இருந்தால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது.

*

பீச் கணக்கு.

கொழும்பு கோட்டை ஸ்டேஷனிலிருந்து காலிக்கு ரயிலேறி வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே பல இடங்களில் ஒரு தென்னை வரிசைதான். அலை தெறித்து முகத்தில் படுகிறது. பக்கத்தில் ஒரு சின்னப் பையன் அலைக்கு அலை கை தட்டிக்கொண்டு வந்தான்.

பெரலிய என்ற இடம் வந்ததும் எதிர் சீட்டுப் பெரியவர் கை கூப்பினார். வெளியே கடலைப் பார்த்து ஓர் உயரமான புத்தர் நின்றுகொண்டிருந்தார். 2004 டிசம்பர் 26 காலை, இதே பாதையில் வந்த 'சமுத்திர தேவி' ரயிலை சுனாமி இங்கேதான் புரட்டியது. ஆயிரத்துக்கும் மேல் பேர் ரயிலிலேயே போனார்கள். அதன் நினைவாக எழுந்த சிலை அது.

அதே நாள், அதே கடல், எங்கள் காஞ்சிபுரம் ஜில்லாவில் அப்போது இருந்த கல்பாக்கத்துக்குள்ளும் புகுந்தது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இரண்டு பேர் திரும்பவில்லை. பெரியவருக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நானும் கை கூப்பினேன். அவர் புரிந்துகொண்ட மாதிரி தலையை ஆட்டினார்.

*

அனுராதபுரம் போனதும் முதலில் செருப்பைக் கழற்ற வேண்டும், தொப்பியையும் கழற்ற வேண்டும். பிறகு ஒரு முக்கியமான விஷயம்: புத்தருக்கு முதுகைக் காட்டி போட்டோ எடுத்துக்கொள்ளக் கூடாது. நமக்கு செல்ஃபி கையிலேயே ஒட்டிக்கொண்டு வரும். காவலர் ஓடி வந்து ரொம்பப் பணிவாக என்னைத் திருப்பி நிறுத்தினார். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். ஆபீஸில் மேனேஜருக்கு முதுகைக் காட்டி உட்கார்வோமா?

அங்கே ஜேதவனாராமய என்ற செங்கல் தூபி இருக்கிறது. கட்டியபோது சுமார் 122 மீட்டர் உயரம். பழைய உலகத்தில் எகிப்துப் பிரமிடுகள் இரண்டுக்கு அடுத்த உயரம் இதுதான் என்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் ஸ்ரீ மகா போதி. அசோகர் மகள் சங்கமித்தை கொண்டுவந்த அரசங்கிளை, இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் தங்க வேலிக்குள் இலை விட்டுக்கொண்டிருக்கிறது.

அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் என்னிடம் ஒரு தாமரை மொட்டைக் கொடுத்தார். "இந்தியாவ?" என்றார். ஆமாம் என்றதும் "தம்பதிவ!" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஜம்புத்வீபம். புத்தர் பிறந்த பக்கம். அங்கிருந்து வந்தவன் என்பதால் எனக்கே பாதி கும்பிடு கிடைத்தது. இந்த ஊரிலேதான் 1985 மே மாதம் புலிகள் புகுந்து, இந்த மரத்தடியில் கும்பிட வந்தவர்கள் உள்பட நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1983 ஜூலையில், கொழும்பில் தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடித் தேடிக் கொளுத்தினார்கள். அந்த அம்மாளுக்கு இரண்டும் நினைவிருக்கிற வயசு. நான் தமிழன் என்று தெரிந்ததும் மொட்டைத் திரும்பக் கேட்பாரோ என்று ஒரு விநாடி நினைத்தேன். சொன்னேன். அவர் மொட்டின் இதழ்களை எப்படி மடித்து விரிப்பது என்று சொல்லிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

ஐந்தாம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து ஃபாஹியான் இங்கே வந்து இரண்டு வருஷம் இருந்தார். ஒரு நாள் பச்சைக்கல் புத்தருக்கு முன்னால் யாரோ ஒரு வியாபாரி வைத்திருந்த வெள்ளைப் பட்டு விசிறியைப் பார்த்தார். தன் ஊர் விசிறி. உடனே அழுதுவிட்டார். அவரே எழுதி வைத்திருக்கிறார்.

பெயிண்டர் கேட்ட பஸ் போர்டு நினைவுக்கு வந்தது. எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

*

திருகோணமலை பஸ்ஸின் நெற்றியில் மூன்று மொழி. முதலில் போட்டோ. தமிழில் தப்பில்லை. மூன்று முறை எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு ஏறி, முன்னால் காலியாக இருந்த சீட்டில் உட்கார்ந்தேன். நமக்கு அதிர்ஷ்டம் அடித்துவிட்டது என்று நினைப்பு. மிகிந்தலையில் ஒரு புத்த பிக்கு ஏறினார். பஸ் மொத்தமும் என்னையே பார்த்தது. கண்டக்டர் என் தலைக்கு மேல் கையைக் காட்டினார். நான் மாட்டியிருந்த பைக்குப் பின்னால் போர்டு: 'மதகுருமாருக்கு மட்டும்'.

பதறி எழுந்தேன். பிக்கு என் தோளைத் தொட்டு உட்கார வைத்து, நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அறுபது வயசு இருக்கும். இங்கிலீஷில் எந்த ஊர் என்று கேட்டார். உத்திரமேரூர் என்றால் தெரியாது, 'காஞ்சிபுரம்' என்றேன்.

மனுஷர் திரும்பி முழுசாக உட்கார்ந்துவிட்டார். "காஞ்சிபுர! புத்தகோச இருந்த காஞ்சிபுர?"

எனக்குப் பட்டுப்புடவை காஞ்சிபுரம் தெரியும். இட்லி காஞ்சிபுரம் தெரியும். அவர்தான் சொன்னார். ஐந்தாம் நூற்றாண்டில் புத்தகோசர் அனுராதபுரம் மகாவிகாரையில் உட்கார்ந்து பாலி மொழியில் 'விசுத்திமக்க' எழுதினார். இன்றைக்கும் தேரவாத பிக்குகள் அதைத்தான் படிக்கிறார்கள். அந்தப் புத்தகோசர் தாம் காஞ்சிபுரத்தில் இருந்ததைத் தம் உரையிலேயே சொல்லியிருக்கிறார். நாளந்தாவின் தலைவராக இருந்த தர்மபாலரும் காஞ்சிபுரத்துக்காரர்தான். சின்ன வயசிலிருந்து வாசித்த பெயராம் காஞ்சிபுரம். அங்கிருந்து வந்த ஆளை அவர் நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவையாம்.

பிறகு கேட்டார்: "அங்கே இப்போது எத்தனை விகாரை இருக்கிறது?"

சார், நான் ஆடிட் பார்ட்டிக்கே அசராதவன். இந்தக் கேள்விக்கு வேர்த்துவிட்டது. யோசித்து, "சிலை இருக்கிறது" என்றேன். "எங்கே?" "ஒன்று சென்னை மியூசியத்தில். இன்னும் சில, ஒரு அம்மன் கோயிலில்."

கருக்கினில் அமர்ந்தவள் அம்மன் கோயில். சின்ன வயசில் அம்மாவோடு போயிருக்கிறேன். அங்கே உட்கார்ந்திருப்பவர் யாரென்று ஒரு நாளும் கேட்டதில்லை.

பிக்கு சிரித்தார். "பரவாயில்லை. அம்மா பார்த்துக்கொள்வார்."

மத்தியானம் பன்னிரண்டுக்கு மேல் அவர்கள் சாப்பிடுவதில்லை. மடியிலிருந்த பாற்சோற்றுப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டார். யாரோ அவருக்குக் காணிக்கையாகத் தந்தது. சாப்பிட ஆரம்பித்தேன், இறங்கவில்லை. ஏனென்றால் எனக்கு 2013 மார்ச் மாதம் நினைவு வந்துவிட்டது. போரில் நடந்தவற்றின் படங்கள் வெளிவந்து தமிழ்நாடே கொதித்திருந்த நேரம். தஞ்சாவூரில் ஒரு புத்த பிக்குவை அடித்து விரட்டினார்கள். இரண்டு நாளில் சென்னை சென்ட்ரலில் இன்னொருவர். டிவியில் அவர் ஓடுவதைப் பார்த்து ஆபீஸ் காண்டீனில் சிரித்தவர்களில் நானும் ஒருவன். "நல்லா வேணும்" என்றும் சொன்னேன். காவி உடுத்தியிருந்தார் என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

பக்கத்தில் இருப்பவரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஹொரவப்பொத்தானையில் அவர் இறங்கிப் போய்விட்டார். எட்டு நாள் கணக்கில் இந்த ஒரு ஐட்டத்துக்கு மட்டும் ரசீது இல்லை.

*

திருகோணமலையில் கோணேஸ்வரம் பார்த்தேன், நிலாவெளியில் கால் நனைத்தேன். நம் கடலைவிட நீலம், நம் கடலைவிடப் பொறுமை. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு இடம்.

ஊரிலிருந்து கொஞ்சம் உள்ளே, பெரியகுளத்துப் பக்கம், காட்டுக்குள் வெல்கம் விகாரை. இடிந்த செங்கல் மேடைகள், ஒரு நிற்கும் புத்தர். சோழர்கள் இந்தப் பகுதியை ஆண்ட 11-ஆம் நூற்றாண்டில் இதற்கு வைத்த பெயர் 'ராஜராஜப் பெரும்பள்ளி'. தமிழர்கள் இதை நாதனார் கோயில் என்றும் சொல்லியிருக்கிறார்கள். பள்ளி என்றால் அப்போது பௌத்தர், சமணர் தங்கும் இடம். நம் பிள்ளைகளை எட்டரை மணிக்கு அடித்து விரட்டுகிறோமே, அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

அங்கே கிடைத்த கல்வெட்டுகள் தமிழில் இருக்கின்றன. இந்தப் பள்ளிக்கு விளக்கெரிக்க இன்னார் இவ்வளவு பசு கொடுத்தார், இவ்வளவு காசு கொடுத்தார் என்ற கணக்கு. எங்கள் ஊர்ப் பெருமாளுக்கு விளக்கு வைத்தவர்கள் எழுதிய மாதிரியேதான். தமிழர்களே காசு போட்டு, தமிழிலேயே கணக்கெழுதி, புத்தருக்கு விளக்கேற்றியிருக்கிறார்கள். "அது அவங்க சாமி" என்ற சூப்பிரண்டை நினைத்துக்கொண்டேன். அவர் நல்ல மனுஷர்தான். தொள்ளாயிரத்துச் சொச்சம் வருஷம் லேட்டாகப் பிறந்துவிட்டார்.

இந்தப் பக்கம் 'புத்தர் என்றால் சிங்களம்' என்று நாம் எழுதிக் கொடுத்துவிட்டோம். அந்தப் பக்கம் அப்படியே நினைப்பவர்கள் அதை வாங்கி பீரோவில் பூட்டிக்கொண்டார்கள். நடுவில் இந்த இடம் காட்டுக்குள் நிற்கிறது.

*

ஊருக்கு வந்ததும் யுவான் சுவாங்கைப் புரட்டினேன். சீன யாத்ரீகர். கி.பி. 640 வாக்கில் காஞ்சிக்கு வந்து, இந்தத் திராவிட நாட்டில் நூற்றுக்கு மேல் பௌத்த மடங்கள், பத்தாயிரம் பிக்குகள் என்று எழுதினார். அவருக்கு இங்கிருந்து இலங்கை போக ஆசை. ஆனால் போகவில்லை. காரணம், அப்போதுதான் இலங்கையிலிருந்து பிக்குகள் கூட்டமாக காஞ்சிக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். அங்கே ராஜா செத்துவிட்டார், பஞ்சம், கலவரம் என்று தப்பி வந்தவர்கள்.

இரண்டு முறை படித்தேன். ஏறக்குறைய 1,400 வருஷம் முன்பே, அங்கே சோறில்லை, உயிருக்கு உத்தரவாதமில்லை என்றால் ஜனங்கள் படகேறி நம் பக்கம்தான் வந்திருக்கிறார்கள். காவி உடுத்தியவர்கள். காஞ்சிபுரம் அவர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. 1983-லும், 1990-லும், அங்கே பொருளாதாரம் விழுந்த 2022-லும் அதே கடல், அதே படகு.

பெயிண்டர் வீட்டுக்குப் போனேன். போனில் பஸ் போர்டு படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தார். ரொம்ப நேரம். விரலால் ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினார்.

"தப்பில்லண்ணா. 'கோ'வுக்கு ரெட்டைக்கொம்பு கொஞ்சம் சின்னதாப் போயிடுச்சு. நானா இருந்தா இன்னும் நல்லா இழுத்திருப்பேன்."

அடுத்த படத்துக்குத் தள்ளினார். வெல்கம் விகாரை. புத்தர். கை நின்றது.

நான் சொன்னேன். ராஜராஜப் பெரும்பள்ளி, தமிழ்க் கல்வெட்டு, பசு, விளக்கு, எல்லாம். காஞ்சிக்கு ஓடிவந்த பிக்குகளையும் சொன்னேன். காண்டீனில் நான் சிரித்ததையும், யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்பதால், சொன்னேன்.

அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து, "இந்தக் கல்வெட்டுல எழுத்து எப்படி இருந்துச்சுண்ணா, நல்லா இருந்துச்சா?" என்றார்.

"நல்லா வெட்டியிருக்காங்க. நம்ம ஊர்ச் சுவர்ல இருக்கிற மாதிரியே."

"அப்ப அந்தப் படத்தையும் அனுப்புங்க. அம்மாவுக்குக் காட்டறேன். மொதல்ல எழுத்தைக் காட்டறேன். சிலையை அப்பறமா காட்டிக்கலாம்."

அனுப்பினேன். மற்ற வரவு செலவெல்லாம் நேர். பற்று, ஒரு பிக்குவின் பாற்சோறு. அது மட்டும் பாக்கி. போன ஞாயிற்றுக்கிழமை கருக்கினில் அமர்ந்தவள் கோயிலுக்குப் போய் அம்மனுக்கு ஒரு விளக்கு, பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு விளக்கு வைத்துவிட்டு வந்தேன்.

மச்சினன் இனிமேல் தாராளமாகத் தேர்தலில் நிற்கலாம்.